வெள்ளிக்கிழமை வெல்வோமா?

— இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவர் ஒருவர்

மலர்க் குழுப் பேராசிரியர் ஐயா அவர்கள் என்னை அழைத்து, "நீ கல்லூரிக் கூடைப்பந்தாட்ட அணியில் இருக்கிறாய் அல்லவா? 'விளையாட்டின் பயன்கள்' என்று நான்கு பக்கம் எழுதிக் கொடு" என்றார்கள். எழுத உட்கார்ந்தேன். உடல் வலிமை, உள்ள உறுதி, ஒற்றுமை என்று மூன்று பயன்கள் எழுதியதும் பேனா நின்றுவிட்டது. என் மனம் முழுவதும் வருகிற வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கே போய்விட்டது. எனவே அதைப் பற்றியே எழுதுகிறேன். பேராசிரியர் ஐயா பொறுத்தருள வேண்டும்.

இதை நான் எழுதுவது ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை இரவு. மலர் அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது குற்றாலத்தில் சீசன் முடிந்து, கார்த்திகை மழையும் முடிந்து, ஒருவேளை மாங்காயே காய்த்திருக்கும். முடிவு தெரிந்த பின்னர் இக்கட்டுரையைப் படித்து நீங்கள் சிரிக்கக்கூடும். சிரித்துக்கொள்ளுங்கள், நண்பர்களே! எழுதுகிற எனக்கு இன்னும் முடிவு தெரியாது.

வெள்ளிக்கிழமை நம் திடலில் நடக்கவிருப்பது, பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகளுக்கிடையேயான போட்டியின் முதல் சுற்று. தோற்றால் வெளியே. அடுத்த ஆவணி வரை காத்திருக்க வேண்டியதுதான். எதிரணி, பாளையங்கோட்டையிலிருந்து வருகிற அதே அணி. 'அதே' என்று நான் சொல்வதன் பொருள் சென்ற ஆண்டு ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன், எனக்கு வெட்கம்தான், ஆயினும் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு நான் கல்லூரியில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உயரம் ஆறடி ஓரங்குலம் என்பதால் அணியில் எடுத்துக்கொண்டார்கள். ஆட்டம் முடிய 3 விநாடி இருக்கும்போது நாம் 46, அவர்கள் 47. என் கையில் பந்து, கூடைக்குத் தாவினேன், அவர்கள் ஆள் என் கையில் அடித்தான். ஃபவுல். எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தால் சமன், இரண்டும் விழுந்தால் வெற்றி. முதல் பந்து வளையத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது. இரண்டாவது பந்து வளையத்தைத் தொடவே இல்லை. ஆம், தொடவே இல்லை. திடலைச் சுற்றி நின்ற முந்நூறு பேரும் அப்போது எழுப்பிய ஒலியை எந்த எழுத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தமிழ்த்துறை நண்பர்கள் சொல்லலாம்.

இந்த ஆட்டத்தின் கதையைச் சற்றுச் சொல்லவேண்டும். 1891 டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், கிறித்தவ இளைஞர் சங்கப் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் கட்டடத்துக்குள் அடைபட்டுக் கிடந்த மாணவர்களுக்காக ஒரு விளையாட்டை உண்டாக்கினார். பீச் பழம் அள்ளும் கூடைகள் இரண்டை மாடத்தில் ஆணியடித்து மாட்டி, பந்தை அதற்குள் போடச் சொன்னார். கூடைக்கு அடிப்பாகம் இருந்ததால் பந்து உள்ளே விழுந்ததும் ஏணி வைத்து ஏறி எடுத்தார்களாம். நம் நாட்டில் 1920-ல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்து வெளியேறிய ஆசிரியர்கள் பள்ளிகள்தோறும் இத்தகைய ஆட்டங்களை எடுத்துச் சென்றார்கள். இன்று பெரியகுளத்தில் ஒவ்வொரு கோடையிலும் அகில இந்தியப் போட்டி நடக்கிறது. சென்னையில் வளர்ந்த அனிதா பால்துரை இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கி 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். இந்திய ஆடவர் அணி ஒலிம்பிக்கில் ஆடியதோ 1980-ல் மாஸ்கோவில் ஒரே ஒரு முறைதான்.

பழக்கூடையில் பிறந்த ஆட்டம் என்று படித்தபோது எனக்கு வியப்பாக இல்லை. நானும் பழக்கூடையிலிருந்து வந்தவன்தான். எங்கள் ஊர் வாசுதேவநல்லூர். என் தகப்பனார் புளியங்குடி எலுமிச்சை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். 2025-ல் புவிசார் குறியீடு பெற்றதே, அந்தப் புளியங்குடி எலுமிச்சை! அது லாரியில் ஏறுவது என் தகப்பனார் போன்றவர்களின் தோள் வழியாகத்தான். தாயார் வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கையில் காசில்லாமல் ஓராண்டு நானும் மண்டிக்குப் போனேன். பழங்களைப் பருமன் பார்த்துத் தரம் பிரிக்கும்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே கூடைக்கு எறிய வேண்டும். எழுந்து எழுந்து போட்டால் பொழுது விடிந்துவிடும். பெரிய காய் வலக்கூடை, சிறியது இடக்கூடை, அடிபட்டது பின்னால். ஓராண்டில் எத்தனை ஆயிரம் எறிந்திருப்பேனோ! அதில் தவறியது மிகச் சில. அப்படிப்பட்ட கை, 3 விநாடி இருக்கும்போது ஏன் தவறியது என்பதே ஓராண்டாக என்னை உறங்கவிடாத கேள்வி.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம். எதிரணியை எளிதாக எண்ணிவிடக்கூடாது. அவர்களிடம் ஆறடி நான்கங்குல உயரத்தில் ஒரு நடு ஆட்டக்காரர் இருக்கிறார். நிற்கிற இடத்திலிருந்தே கையைத் தூக்கினால் வளையத்துக்கு ஒரு சாண்தான் மிச்சம் இருப்பதுபோல் தோன்றும். இடக்கைக்காரர் ஒருவர் 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியே நின்று மூன்று புள்ளிப் பந்துகளைப் போடுகிறார். சென்ற ஆண்டு அவர் மட்டும் ஐந்து போட்டார். பந்து கைக்கு வந்த கணமே எல்லோரும் ஓடுகிறார்கள். நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் இரண்டு புள்ளி போய்விடும்.

ஆனால் அவர்கள் பழகுவது கூரை போட்ட அரங்கில், மரத்தளத்தில். ஆட வருவது நம் சிமெண்டுத் திடலுக்கு. அதுவும் ஆவணியில்! ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று என்னவென்று நமக்குத் தெரியும். பாளையங்கோட்டைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது பாதி களைத்துவிடும். நம் திடலைப் போட்டவர்கள் வளையங்களைத் தெற்கு வடக்காக வைக்காமல் கிழக்கு மேற்காக வைத்துவிட்டார்கள். இதனால் மாலையில் மேற்கு வளையத்தை நோக்கி எறிகிறவனுக்குக் கண்ணில் வெயில், நெஞ்சில் காற்று. இரண்டாண்டாக இதை நாம் குறையாகவே பேசிவந்தோம். எங்கள் அணித்தலைவர், மூன்றாமாண்டு வரலாறு படிக்கிற அண்ணன்தான், "குறை நமக்கு மட்டும்தானா? அவங்களுக்கு இல்லையா?" என்று முதன்முதலில் கேட்டவர்.

அதிலிருந்து பிறந்ததுதான் எங்கள் திட்டம். தொலைவிலிருந்து எறிகிற பந்துதான் காற்றில் அதிகம் அலைகிறது. எனவே ஆளுக்கு ஆள் துரத்தாமல், முன்னால் இருவரும் பின்னால் மூவருமாக இடம் பிரித்து நிற்கப் போகிறோம். நடுவில் உள்ள நெட்டையருக்குப் பந்து போகாமல் அடைத்துவிட்டு, இடக்கைக்காரரை வெளியே நின்று எறியவிடுவது. மேற்கு வளையத்தில் அவர் ஐந்து எறிந்தால் இரண்டு விழட்டும், பரவாயில்லை. கிழக்கு வளையத்துக்கு அவர்கள் மாறும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும்; பந்து நீளும். அரங்கில் பழகிய கை அதைக் கண்டுகொள்ள ஐந்தாறு பந்தாவது ஆகும் என்பது எங்கள் கணக்கு. தலைவர் அண்ணன் இதற்குக் 'கோட்டை' என்று பெயர் வைத்துவிட்டார். 1760 டிசம்பரில் யூசுப்கான் பீரங்கிகளோடு வந்து தாக்கியும் வாசுதேவநல்லூர் மண்கோட்டை விழவில்லை, பூலித்தேவரின் ஆட்கள் நெற்கட்டும்செவலிலிருந்து வந்து விரட்டினார்கள் என்பதை அவர் பயிற்சியின்போது தினமும் ஒரு முறை சொல்கிறார். 1767-ல் அதே கோட்டை விழுந்ததை நான் நினைவூட்டினால் மட்டும் திடலை இரண்டு சுற்று ஓடச் சொல்கிறார்.

கோட்டையில் ஓர் ஓட்டை உண்டு. இப்படி இடம் பிரித்து நிற்கும்போது, தவறி விழுகிற பந்தை யார் எடுப்பது என்பதில் குழப்பம் வரும். எறிந்த பந்து வளையத்தில் பட்டு எதிரணியின் கைக்கே திரும்பினால் அவர்களுக்கு இன்னும் 14 விநாடி கிடைக்கிறது. நாம் 24 விநாடி அடைத்து வைத்ததெல்லாம் வீண். ஆகவே பந்து மேலே போனதும் பந்தைப் பார்க்காதே, ஆளைப் பார், அவனுக்கு முதுகைக் காட்டி நில் என்பது உடற்கல்வி இயக்குநர் ஐயாவின் கட்டளை. இதில் எங்களில் சிறந்தவர் சிவகிரியிலிருந்து வருகிற வணிகவியல் மாணவர். அவர் உயரம் ஐந்தடி எட்டங்குலம்தான். ஆனால் கபடி ஆடி வளர்ந்த கால். ஊன்றி நின்றால் நெட்டையர் அல்ல, நெல்லையப்பர் தேரே வந்தாலும் நகராது.

ஃபவுலைப் பற்றியும் சொல்லவேண்டும். பத்து நிமிடக் கால்பகுதி ஒவ்வொன்றிலும் ஓர் அணி நான்கு ஃபவுல் வரை செய்யலாம். ஐந்தாவதிலிருந்து எதிரிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. சென்ற ஆண்டு இரண்டாவது கால்பகுதியில் நாம் நான்காவது நிமிடத்திலேயே ஐந்தை எட்டிவிட்டோம். பலபேருக்கு இது தெரியாது. நான் கடைசியில் விட்ட இரண்டு மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும். நொந்துகொள்வதற்காகச் சொல்லவில்லை. கணக்கு என்றால் முழுக்கணக்காக இருக்கட்டுமே என்றுதான்.

இனி அந்த ஃப்ரீ த்ரோ. நான் இயற்பியல் மாணவன் ஆகையால் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நிற்கும் கோட்டிலிருந்து வளையத்தின் மையம் ஏறத்தாழ 4.2 மீட்டர். வளையத்தின் உயரம் 3.05 மீட்டர், என் கையிலிருந்து பந்து விடுபடும் உயரம் 2.1 மீட்டர். வளையத்தின் விட்டம் 45 செ.மீ.; பந்தின் விட்டம் 24 செ.மீ. பாதிக்குப் பாதி இடம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் பந்து நேர் மேலிருந்து விழுவதில்லை, சாய்ந்து வருகிறது. சாய்ந்து வருகிற பந்தின் கண்ணுக்கு வட்டமான வளையம் நசுங்கிய முட்டைபோல் தெரியும். 30 பாகையில் வந்தால் திறப்பு 22.5 செ.மீ.தான், பந்து விளிம்பில் இடிக்காமல் நுழையவே முடியாது. மிகக் குறைந்த வேகத்தில் கூடையை எட்ட வேண்டுமானால் 51 பாகையில் எறிய வேண்டும் என்று வந்தது. அப்போது பந்து 39 பாகையில் இறங்கும். திறப்பு 28 செ.மீ.; மிச்சம் நான்கே செ.மீ. அதையே 55 பாகையில் எறிந்தால் 45 பாகையில் இறங்கும். திறப்பு 32 செ.மீ.; மிச்சம் எட்டு. இதற்காகக் கூட்ட வேண்டிய வேகம் விநாடிக்கு ஐந்து செ.மீ. மட்டும்! நான்கு பாகை உயர்த்தினால் வாசல் இரு மடங்கு. விடையை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு எங்கள் துறைப் பேராசிரியரிடம் காட்டினேன். "காற்றின் தடையை விட்டுவிட்டாயே தம்பி" என்றார்கள். நம் திடலுக்கு அது பொருத்தமான கேள்விதான்.

ஆனால் நான் தவறியது பாகையினால் மட்டும் அன்று என்பதைக் கண்டவர் என் தகப்பனார்.

சென்ற ஆண்டு அவர் ஆட்டத்துக்கு வந்திருந்தார், எனக்குச் சொல்லாமலே. மண்டி வேலை முடிந்து அழுக்கு வேட்டியோடு வந்தவர் உள்ளே வரத் தயங்கி, சுற்றுச்சுவருக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று எட்டிப் பார்த்திருக்கிறார். ஆட்டம் முடிந்து யாரோடும் பேசாமல் நான் பேருந்து நிறுத்தத்துக்குப் போனபோது அங்கே நின்றுகொண்டிருந்தார். பேருந்தில் புளியங்குடி வரை இருவரும் ஒன்றும் பேசவில்லை. புளியங்குடி தாண்டியதும் அவர் சொன்னார்:

"ஏல, நீ அந்தப் பந்தப் போடும்போது மூச்சப் பிடிச்சிட்டு நின்ன."

"இல்லப்பா" என்றேன்.

"நா பாத்தம்லா. நெஞ்சு ஏறி அப்படியே நின்னுட்டு. மூட்ட தூக்கும்போது அப்படி மூச்சடைச்சா தோளு இறுகிப் போயிரும், அடி வைக்க முடியாது. மூச்ச விட்டுட்டுத்தான் எடுப்போம்."

பேருந்தில் அது எனக்கு எரிச்சலாக இருந்தது. கூடைப்பந்து என்றால் என்னவென்றே தெரியாதவர் எனக்குச் சொல்வதா என்று எண்ணினேன். இரண்டு நாள் கழித்துத் திடலில் யாரும் இல்லாதபோது, மூச்சை முழுதும் விட்டுவிட்டு எறிந்து பார்த்தேன். பத்தில் ஏழு விழுந்தது. இதை நான் அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. இக்கட்டுரையில்தான் முதலில் சொல்கிறேன். அவருக்கோ எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும்.

இந்த ஆனி மாதத்திலிருந்து தகப்பனாருக்கு இடுப்பில் பிடிப்பு. மூட்டை தூக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தரம் பிரிக்கிற இடத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள், கூலி பாதிதான். அவருடைய இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடக்கூடாதே என்று சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் போய்த் தூக்குகிறேன். மண்டிக்காரர் நல்லவர்தான், ஆனால் "படிச்சு முடிச்சும் இங்கதான வரப்போற, இப்பவே முழுசா வந்துரேன்" என்று வாரம் ஒரு முறை சொல்கிறார். அவர் கேலியாகத்தான் சொல்கிறார். என் தாயார் அதைக் கேலியாக எடுத்துக்கொள்வதில்லை. "அவன் பட்டம் வாங்கிட்டு வரட்டும், பொறவு பாப்போம்" என்பார்கள். எங்கள் வீட்டில் பட்டம் என்றால் அதுவரை காற்றில் விடுகிற பட்டம்தான்.

இதனால் ஆட்டத்துக்கு ஒரு சிக்கல் வந்திருக்கிறது. நான் ஒரு நோட்டில் தினமும் எழுதிவருகிறேன். புதன், வியாழக்கிழமைகளில் பத்து ஃப்ரீ த்ரோவில் ஆறு விழுகிறது. திங்கட்கிழமைகளில் நான்குதான். தோள் கனத்துப் போயிருக்கிறது. பந்து வளையத்தின் முன்விளிம்பிலேயே இடிக்கிறது. பத்துக்கு ஆறு என்றால் அடுத்தடுத்து இரண்டும் விழ வாய்ப்பு நூற்றுக்கு 36. இரண்டும் தவற 16. பத்துக்கு நான்கு என்றால் அப்படியே தலைகீழ்: இரண்டும் விழ 16, இரண்டும் தவற 36. ஒரே ஆள், ஒரே கை. கிழமை மட்டும்தான் வேறு.

நோட்டை உடற்கல்வி இயக்குநர் ஐயாவிடம் சென்ற வாரம் காட்டினேன். கடைசி நிமிடத்தில் என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு வேறொருவரை இறக்குங்கள் என்று கேட்டுக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், வெளியே உட்கார எனக்கு ஆசையாகவும் இருந்தது. ஐயா நோட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். "ஆட்டம் எந்தக் கிழமை?" என்று கேட்டார்கள். "வெள்ளிக்கிழமை, ஐயா" என்றேன். "அப்புறம் திங்கட்கிழமைக் கணக்கை என்னிடம் எதற்குக் காட்டுகிறாய்?" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

என் காலில் இப்போது நல்ல காலணி இருக்கிறது. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் வருகிற ஆயிரம் ரூபாயை மூன்று மாதம் சேர்த்து வாங்கியது. சென்ற ஆண்டு ஆடியது அடி தேய்ந்த காலணியில். சிமெண்டில் சாரல் பட்டால் அது எண்ணெய்ச் சட்டிபோல் வழுக்கும். சாரல் என்றதும் நினைவுக்கு வருகிறது: 1936-ல் பெர்லினில் கூடைப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது இறுதி ஆட்டம் திறந்தவெளி மண் தரையில், கொட்டுகிற மழையில் நடந்தது. பந்தைத் தட்டிக்கொண்டு போகவே முடியவில்லை. அமெரிக்கா கனடாவை 19–8 என்று வென்றது. முழு ஆட்டத்துக்கும் சேர்த்து இவ்வளவுதான் புள்ளி! வெள்ளிக்கிழமை எங்களை மழையில் ஆடவிடமாட்டார்கள். சாரல் விழுந்தால் ஆட்டத்தைச் சனிக்கிழமை காலை 7 மணிக்குத் தள்ளிவைப்பதாக அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கிறார்கள்.

நேற்று இரவு தகப்பனாரிடம் நாளையும் நேரத்தையும் சொன்னேன். இந்த முறை நானே சொன்னேன். மண்டியில் கேட்டுக்கொண்டு இரண்டு மணிப் பேருந்துக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். பிறகு சிறிது நேரம் கழித்து, "வாட்ச்மேன் உள்ள விடுவாராடே?" என்று கேட்டார். விடுவார், நான் சொல்லிவைக்கிறேன் என்றேன். மேற்கு வளையத்துக்கு அருகே முதல் வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி பிடித்துவைக்க வேதியியல் நண்பர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வெயில் முகத்தில் அடிக்காத இடம் அதுதான்.

சாரல் விழ வேண்டும், அருவி கொட்ட வேண்டும் என்றுதான் நம் பக்கத்தில் எல்லோரும் வேண்டிக்கொள்வார்கள். நான் வெள்ளிக்கிழமை மட்டும் விழாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை காலை 7 மணிக்கு மண்டியில் லாரி வந்துவிடும்.